ரின் பியரில இரும்பு மணம் எண்டவருக்கு

கேள்வி (வாசகர் ஒருத்தர், பங்குனி 1):
"கனடா, லண்டனில சின்னச் சின்ன ஆலையள் காய்ச்சிற கிராஃப்ட் பியர் எல்லாம் இப்ப ரின்னிலதான் வருகுது. நல்ல சாமானை ஏன் கொண்டுபோய்த் தகரத்துக்குள்ள அடைக்கினம்? ரின் பியர் வாயில வைச்சால் இரும்பு மணக்கும். போத்தல் எண்டால் ஒரு மரியாதை இருக்கு. காசு மிச்சம் பிடிக்கிற வேலை எண்டுதான் நான் சொல்லுவன். ஆரும் மறுப்பியளோ?"

பங்குனி 2, பின்னேரம்

மறுப்பன். இண்டைக்குப் போயா (பௌர்ணமி விடுமுறை), கடையெல்லாம் பூட்டு, எழுத நேரமும் கிடக்கு.

ஒன்ராறியோவில ஒரு சின்ன ஆலையில ஆறு வருசம் அடைக்கிற பக்கத்தில நிண்டனான். முதல் ரெண்டு வருசம் போத்தல், பிறகு நாலு வருசம் ரின். இப்ப கோண்டாவிலில அம்மாவோட இருக்கிறன். காய்ச்சிற வேலையை விட்டாச்சு, கதைக்கிறதை மட்டும் விடேல்லை.

முதல்ல அந்த இரும்பு மணம். நீங்கள் பிடிக்கிற ரின்னில இரும்பு இல்லை, அது அலுமினியம். அந்த அலுமினியத்திலயும் பியர் முட்டிறதில்லை. உள்பக்கம் முழுக்க ஒரு மெல்லிய பூச்சு அடிச்சிருக்கு. பூச்சு இல்லாட்டில் பியரின்ர புளிப்பு உலோகத்தை அரிச்சுப்போடும், பியரின்ர பி.எச். (புளிப்பை அளக்கிற எண், குறையக் குறையப் புளிப்புக் கூட) நாலுக்குக் கொஞ்சம் மேலதான்.

அப்ப மணம் எங்க இருந்து வருகுது? உங்கட மூக்கில இருந்து. ரின்னோட வாய் வைச்சுக் குடிக்கேக்க மூக்கு மூடிக்கு மேல நிக்கும். பியரின்ர வாசம் அந்தச் சின்ன ஓட்டையால வராது. மூக்குக்கு எட்டுறது மூடியும், அதில கிடக்கிற கடைத் தூசியும், பிரிஜ் தண்ணியும்தான். கிளாசில ஊத்துங்கோ. வேறை ஆரையும் ஊத்தச் சொல்லிப்போட்டு நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு குடியுங்கோ. பிறகு வந்து சண்டை பிடியுங்கோ.

பங்குனி 2, இரவு

ஒரு திருத்தம். "இரும்பு இல்லை" எண்டது இண்டைய ரின்னுக்கு மட்டும். முதல் பியர் ரின் இரும்புத் தகடுதான். 1935 தை (ஜனவரி) 24, அமெரிக்காவில ரிச்மண்ட் நகரத்தில குரூகர் எண்ட நியூ ஜேர்சி ஆலை அதை விக்கத் துவங்கினது. திறக்கிறதுக்குத் தனியா ஒரு குத்தூசி வேணும். அதே வருசக் கடைசியில வேல்ஸில பெலின்வோயல் ஆலையும் ரின்னுக்கு வந்தது. அந்தப் பக்கம் தகட்டு ஆலையள் நிறைஞ்ச இடம். அவையின்ர ரின்னுக்குக் கூம்பு மாதிரிக் கழுத்து, மேல போத்தல் மூடி. ரின்னாய்ப் பிறந்தும் போத்தல் ஆசை விடேல்லை.

அலுமினிய ரின்னை 1959இல கூர்ஸ் ஆலை கொண்டு வந்தது. ஆனபடியால் இரும்பு மணம் எண்டு உங்கட பேரனார் சொல்லியிருந்தால் அவர் சொன்னது சரியாயும் இருக்கலாம். நீங்கள் அந்தக் குறையைச் சீதனம் மாதிரி வாங்கி வைச்சிருக்கிறியள்.

பங்குனி 5

காசு மிச்சம் எண்ட கதைக்கு வாறன். உண்மையைச் சொன்னால் சின்ன ஆலைக்கு ரின் மலிவில்லை. படம் அச்சடிச்ச ரின் வேணும் எண்டால் ஒரேயடியா லொறிக் கணக்கில எடுக்கச் சொல்லுவினம். ஒரு மாசம் மட்டும் காய்ச்சிற பியருக்கு அவ்வளவு ரின்னை எங்க அடுக்கிறது? நாங்கள் வெறும் ரின் வாங்கி லேபல் ஒட்டினனாங்கள். ஒட்டினது ஆர் எண்டு கேக்காதேங்கோ. மழைக் காலத்தில ரின் வேர்த்து லேபல் வழுக்கும்.

கிராஃப்ட் ஆக்கள் கனகாலம் ரின்னைத் தொடாமல் இருந்ததுக்குக் காரணம் பெரிய மெஷின்தான். 2002இல கொலராடோவில ஒஸ்கார் புளூஸ் எண்ட சின்ன ஆலை தன்ர டேல்ஸ் பேல் ஏல் எண்ட பியரை மேசையில வைக்கிற மெஷினால அடைச்சுது. அந்த மெஷினைச் செய்தது கனடாவில கல்கரியில இருக்கிற காஸ்க் கம்பனி. அந்த ஆலை இருந்த ஊருக்குப் பேர் லயன்ஸ். எங்கட லயன் பியர் ஆலை இல்லை, அது பியகமவில.

ரின்னுக்குப் போனதில பெரிய மிச்சம் பாரம்தான். 330 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தல் வெறுமனே கிட்டத்தட்ட 200 கிராம் நிக்கும். அதே அளவு ரின் 13 கிராம் மட்டில. போத்தல் காலத்தில பெட்டி தூக்கி எனக்கு இடுப்புப் பிடிச்சது. ரின் வந்த பிறகு இடுப்பு நல்லாயிட்டுது, காது போச்சு. வெறும் ரின் வாங்கில (ரின் வரிசையா ஓடிற பட்டியில) ஓடிற சத்தத்தை நீங்கள் கேக்கோணும்.

ஆனால் நான் ரின்னுக்கு வாதாடிறது பாரத்துக்காக இல்லை, வெளிச்சத்துக்காக.

பியரின்ர கைப்பு ஹொப்ஸ் பூவில இருந்து வருகுது. அந்தக் கைப்புச் சத்தில வெளிச்சம் பட்டால், பியரில இருக்கிற ரைபோபிளேவின் (விற்றமின் பி2தான்) அந்த வெளிச்சத்தைப் பிடிச்சுக் குடுக்க, கைப்புச் சத்து உடைஞ்சு கந்தகம் சேர்ந்த ஒரு சாமான் உண்டாகும். மூக்குக்கு அது துளியிலும் துளி காணும். வெள்ளைக்காரர் இதை ஸ்கங்க் எண்ட மிருகத்தின்ர நாத்தம் எண்டுவினம். எங்கட ஊரில ஸ்கங்க் இல்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து பக்கத்தில கொஞ்சம் றப்பரை எரிச்சால் எப்பிடி இருக்கும், அதுதான்.

மண்ணிறப் போத்தல் இந்த வெளிச்சத்தை நல்லா மறிக்கும். பச்சைப் போத்தல் பேருக்கு மறிக்கும். வெள்ளைப் போத்தல் மறிக்கவே மறிக்காது. மில்லர் எண்ட அமெரிக்க ஆலை மாதிரி வெள்ளைப் போத்தலில அடைக்கிறவை வெளிச்சத்துக்கு உடையாத மாதிரி மாத்திச் செய்த ஹொப்ஸ் சத்தைப் போடினம். ரின்னுக்குள்ள இந்தப் பிரச்சினையே இல்லை, இருட்டு.

ஞாயிற்றுக்கிழமை செய்து காட்டிறன்.

பங்குனி 8, ஞாயிறு

செய்தாச்சு. கிணத்துக்கட்டில மூண்டு வைச்சன்: ஒரு பச்சைப் போத்தல், ஒரு மண்ணிறப் போத்தல், ஒரு ரின். காலமை 11 மணியில இருந்து 2 மணி மட்டும் நல்ல வெய்யில். "கிணத்தடியில என்ன கண்காட்சி, ஆக்கள் பாத்தால் என்ன நினைப்பினம்" எண்டு அம்மா ரெண்டு தரம் கேட்டுப்போட்டா. பிறகு மூண்டையும் ஒண்டாப் பிரிஜ்ஜில வைச்சுக் குளிர்த்திப்போட்டு, அத்தான் குசினிக்குள்ள கிளாசில ஊத்திக் கொண்டுவர, நானும் சித்தப்பாவும் விறாந்தையில இருந்து குடிச்சம்.

முதல் கிளாசை மணந்த உடனை சித்தப்பா கேட்டார்: "சாம்பாரோ?" அது பச்சைப் போத்தல். மற்ற ரெண்டில வித்தியாசம் பிடிக்க ஏலேல்லை. சித்தப்பா கனநேரம் யோசிச்சுப்போட்டு மண்ணிறப் போத்தலைத்தான் நல்லது எண்டார். நான் ரின்னைச் சொன்னன். ஆனால் நான் சொன்னது நாக்காலயோ வீம்பாலயோ எண்டு எனக்கே தெரியாது.

பங்குனி 9

ராத்திரிப் படுத்துக்கொண்டு யோசிக்க, நேற்றையான் சோதனை பிழை எண்டு விளங்கிச்சு. மூண்டும் மூண்டு பியர். பச்சைப் போத்தல் பியர் வெய்யில் படாமலே அப்பிடி மணக்குதோ எண்டு நான் பாக்கேல்லை. ஆறு வருசம் ஆலையில நிண்டவன் செய்யிற வேலை இல்லை.

திரும்பச் செய்தன். இந்த முறை ஒரே ஒரு ரின். ரெண்டு கண்ணாடிக் கிளாசில பாதி பாதியா ஊத்தி, ஒண்டை வெள்ளிப் பேப்பரால முழுக்கச் சுத்தி, மற்றதைச் சும்மா விட்டு, ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வெய்யிலில வைச்சன். 20 நிமிசம். சூடு ஒண்டு, காத்து ஒண்டு, வித்தியாசம் வெளிச்சம் மட்டும்தான். சுத்தாத கிளாஸ் பெருங்காயம். சுத்தினது சூடான பியர், அவ்வளவுதான். இதை ஆரும் வீட்டில செய்யலாம், செலவு ஒரு ரின்.

இதில எனக்கு விழுந்த அடியையும் எழுதவேணும். மண்ணிறப் போத்தலும் ரின்னும் மூண்டு மணித்தியால வெய்யிலில ஒரே மாதிரி நிண்டது. வெளிச்சக் கதையில ரின் வெல்லுறது பச்சையையும் வெள்ளையையும்தான். மண்ணிறத்தை வெண்டது எண்டு சத்தியம் பண்ணமாட்டன்.

பங்குனி 14

"அப்ப போத்தலே காணும்தானே" எண்டு எழுதியிருக்கிறார் கேள்வி கேட்டவர். அவசரப்படாதேங்கோ. வெளிச்சத்துக்கு அடுத்த எதிரி ஒட்சிசன்.

போத்தல் மூடிக்குள்ள ஒரு பிளாஸ்ரிக் வளையம் இருக்கு. அதுக்குள்ளால ஒட்சிசன் மெல்ல மெல்ல உள்ளுக்குப் போகும், மாசக் கணக்கில. ரின்னின்ர பொருத்து சரியா இருந்தால் ஒண்டும் போகாது. இதில "சரியா இருந்தால்" எண்டதுக்குள்ளதான் என்ர நாலு வருசமும் கிடக்கு.

ரின்னும் மூடியும் ஒட்டிக் கிடக்கிறேல்லை. மடிச்சுக் கிடக்கு. ரின்னின்ர வாய் விளிம்பு வெளிப்பக்கம் விரிஞ்சிருக்கும். மூடியின்ர விளிம்பு சுருண்டிருக்கும். முதல் உருளை வந்து மூடியின்ர சுருளை ரின் விளிம்புக்குக் கீழ சொருகும், சீலைக் கொசுவம் சொருகிற மாதிரி. ரெண்டாவது உருளை அந்த மடிப்பை அப்பிடியே அமத்தும். அந்த இடத்தை வெட்டிப் பாத்தால் அஞ்சு தட்டு உலோகம்: மூடி மூண்டு, ரின் ரெண்டு. இடையில கொஞ்சம் றப்பர்ப் பசை. முழுத் தடிப்பும் ஒரு மில்லிமீற்றருக்குச் சொற்பம் மேல. மில்லிமீற்றரில நூறில சில பங்கு பிசகினால் போதும், அது பொருத்து இல்லை, ஓட்டை.

கண்ணால பாத்துச் சொல்ல ஏலாது. வெளியால எல்லா ரின்னும் வடிவாத்தான் இருக்கும். அதால குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருக்கா வாங்கில இருந்து ரின் எடுத்து, பொருத்தை அரிஞ்சு கழட்டி, மூடி மடிஞ்ச கொக்கி எவ்வளவு, ரின் மடிஞ்ச கொக்கி எவ்வளவு, ரெண்டும் ஒண்டுக்குள்ள ஒண்டு எவ்வளவு போயிருக்கு எண்டு மைக்ரோமீற்றரால அளந்து கொப்பியில எழுதவேணும். கைக்கு ஒரு பிளாஸ்ரர் எப்பவும் தேவை. அரிஞ்ச அலுமினியம் சவர அலகு மாதிரி.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அதைச் செய்யேல்லை. காலமை அளந்தது வடிவா இருந்துது, வாங்கு ஓடிக்கொண்டிருந்துது, நிப்பாட்ட மனமில்லை. எங்கட மெஷின் நிமிசத்துக்கு 30 ரின் அடைக்கும். பின்னேரம் அளந்தன். கொக்கி ரெண்டும் சும்மா முட்டிக்கொண்டு நிண்டுது, பிடிக்கேல்லை. முதல் உருளையின்ர பெயறிங் தேஞ்சு ஆடுது. எப்ப துவங்கினது எண்டு ஆருக்குத் தெரியும்? கொப்பியில மத்தியானக் கட்டம் வெறுமையாக் கிடக்கு.

மேற்பார்வைக்காரர் ஏசேல்லை. கொப்பியைத் திறந்து அந்த வெறுமைக் கட்டத்தில விரலை வைச்சுக்கொண்டு பேசாமல் நிண்டார். காலமைக்குப் பிறகு அடைச்சது முழுக்கக் கொட்டு எண்டு முடிவு. சனிக்கிழமை முழுக்க நானும் இன்னொரு பெடியனும் ஒவ்வொண்டாத் திறந்து கானுக்குள்ள ஊத்தினம். ஆயிரத்தை எண்ணினாப்போல எண்ணிறதை விட்டிட்டன். கொட்டினதில முக்காவாசி நல்ல ரின்னாத்தான் இருந்திருக்கும். எது நல்லது எண்டு தெரியாததுதான் பிரச்சினை.

போத்தல் மூடி பிழைச்சால் கையால முறுக்கிப் பாத்தே சொல்லலாம். ரின் அப்பிடி இல்லை.

பங்குனி 14, கொஞ்சம் பிந்தி

விட்டுப்போனது ஒண்டு. ஒட்சிசன் உள்ளுக்குப் போறது கடையில மட்டும் இல்லை, அடைக்கேக்கயும்தான். அதில ரின்னுக்குக் குறை. போத்தலுக்குக் கழுத்து ஒடுக்கம், ரின்னுக்கு வாய் அகலம். பியர் நுரை பொங்கி வாய் விளிம்பு மட்டும் வந்து நிக்கேக்க, அந்த நுரைக்கு மேல மூடி விழவேணும். நுரை இல்லாத இடத்தில காத்துத்தான் நிக்கும். மூடிக்குக் கீழ காபனீரொட்சைட்டு ஊதியும் விடுவம். கரைஞ்ச ஒட்சிசனை நூறு கோடியில எத்தினை பங்கு எண்டு எண்ணுறது. 50க்குக் கீழ வந்தால் நிம்மதியா வீட்டை போகலாம். பழைய கை மெஷினுகளில அது லேசில வராது.

ரின் நல்ல வீடுதான், குடிபுகேக்க கதவைப் பாத்துச் சாத்தவேணும்.

பங்குனி 15

சும்மா ஒரு கதை. லண்டனில இருந்து ஆரோ கொண்டுவந்த கின்னஸ் ரின் ஒண்டை அத்தான் காதுக்குக் கிட்ட வைச்சு ஆட்டிப்போட்டு, "உள்ளுக்கு ஏதோ கழண்டு விழுந்து கிடக்கு, குடிக்காதேங்கோ" எண்டு தடுத்துப்போட்டார். அது பிளாஸ்ரிக் உருண்டை. நைதரசனை அடைச்சு வைச்சிருக்கும். ரின்னைத் திறக்க அமுக்கம் குறைஞ்சு நைதரசன் சீறிப் பாலாடை மாதிரி நுரை வரும். ரின்னுக்குள்ள நைதரசன் அடைக்கிற இந்த உத்தி 1988இல கடைக்கு வந்தது. 1991இல அதுக்கு இங்கிலாந்து மகாராணியின்ர தொழில்நுட்ப விருதும் கிடைச்சது. அத்தான் இன்னும் நம்பேல்லை. ரின்னை வெட்டி உருண்டையை எடுத்துக் குடுத்தன், மகன் அதைக் கிரிக்கெற் விளையாடக் கொண்டுபோட்டான்.

பங்குனி 21

இதை எழுதிறதோ விடுறதோ எண்டு ஒரு கிழமை யோசிச்சன்.

ஊருக்கு வரேக்க எங்கட ஆலையில நானே அடைச்ச ஆறு ரின் பெட்டிக்குள்ள கொண்டுவந்தனான். 473 மில்லிலீற்றர், நல்ல ஹொப்ஸ் வாசம், அடைச்சு ரெண்டு கிழமை கூட இல்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில இருந்து ராத்திரி பஸ், பெட்டி கீழ சாமான் அறைக்குள்ள. வீட்டை வந்து அம்மா அதைக் களஞ்சிய அறையில அரிசி மூட்டைக்குப் பக்கத்தில வைச்சா. அந்த அறைக்கு மேல அஸ்பெஸ்ரஸ் கூரை. சொந்தக்காரர் வீடு, கோயில், அலுவல் எண்டு அஞ்சு கிழமை போச்சு. பிறகு ஒரு நாள் சித்தப்பாவைக் கூப்பிட்டு, ரின்னின்ர பெருமை எல்லாம் சொல்லி, பொருத்தைக் கையால தடவிக் காட்டி, குளிர்த்தித் திறந்தன்.

நனைஞ்ச மட்டைப்பெட்டி. ஹொப்ஸ் வாசம் எண்டு ஒண்டு இருந்த தடயமே இல்லை. மேல ஒரு தேன் இனிப்பு, பிறகு மட்டை. சித்தப்பா ரெண்டு வாய் குடிச்சுப்போட்டு, "கனடாவில இதுதானோ பெரிய சாமான்?" எண்டார். நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை.

வெளிச்சம் படேல்லை. பொருத்தில பிழை இல்லை, கொப்பியில என்ர கையெழுத்தே இருக்கு. சூடு. ஆலைக்காரருக்கு ஒரு கைக்கணக்கு இருக்கு: 3, 30, 300. அதாவது 32 பாகையில 3 நாள், 22 பாகையில 30 நாள், 3 பாகையில 300 நாள், இந்த மூண்டும் பியருக்குக் கிட்டத்தட்ட ஒரே முதுமை. அங்க குளிர் அறைக்குள்ள நிண்டுகொண்டு இதைப் படிக்கேக்க நடுக் கணக்குத்தான் மனதில நிக்கும். இஞ்ச முதல் கணக்கிலதான் நாங்கள் சீவிக்கிறம். யாழ்ப்பாணத்தில 32 பாகை எண்டால் நிழல்.

அடைக்கேக்க உள்ளுக்கு மிஞ்சின துளி ஒட்சிசனும் சூடும் சேர்ந்தால் காணும், வெளியால இருந்து ஒண்டும் வரத் தேவையில்லை. ரின்னோ போத்தலோ எண்டு நான் மூண்டு கிழமையா அடிபடுறன். கொழும்பில இருந்து ஏ9 றோட்டால வாற லொறியின்ர கூரைக்குக் கீழ ரெண்டுக்கும் ஒரே கதிதான். வெப்பம் பிடிக்கிறதில ரின் இன்னும் கெதி, தோல் மெல்லிசு. கெதியாக் குளிரும் எண்டு விளம்பரம் பண்ணுவினம். அதே கெதியில சுடும் எண்டதை ஒருத்தரும் சொல்லாயினம்.

எங்கட கடையளில ஸ்ரௌட் எண்ட கருப்புப் பியர் ஓரளவுக்குத் தாக்குப்பிடிக்கிறதுக்கும் இதுதான் காரணம் எண்டு நினைக்கிறன். லயன் ஸ்ரௌட் 8.8 வீதம், கருப்பு வறுத்த மோல்ற் (முளைக்கவிட்ட பார்லி). அதில கொஞ்சம் முதுமை வந்தாலும் பேரீச்சம்பழ வாசம் எண்டு சமாளிக்கலாம். ஹொப்ஸ் வாசத்தை நம்பி நிக்கிற பியருக்கு ஒளிக்க இடம் இல்லை.

பங்குனி 22

"அப்ப நீங்களே காய்ச்சிக் காட்டுங்கோவன்" எண்டு ஒருத்தர். ஐயா, இஞ்ச வீட்டில பியர் காய்ச்சினால் மதுவரிக்காரர் வருவினம். 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடதான் இருக்கு. நான் இஞ்சிப் பியரோட நிக்கிறன்.

அதிலயும் அடி வாங்கினனான். மருமகளின்ர பிறந்தநாளுக்கு எண்டு லீற்றருக்கு 100 கிராம் சீனி, இஞ்சி, தேசிக்காய், துளி ஈஸ்ற், 12 போத்தல். ஒரு நாள் வெளியில வைச்சுப்போட்டுப் பிரிஜ்ஜுக்கு மாத்திறது யோசனை. மாத்த மறந்திட்டன். மூண்டாம் நாள் விடியப்புறம் குசினிக்குள்ள வெடிச்சத்தம். எங்கட ஊரில அந்த நேரத்தில அந்தச் சத்தம் கேட்டால் ஆக்கள் எப்பிடி எழும்புவினம் எண்டு சொல்லத் தேவையில்லை. அம்மா கட்டிலுக்குக் கீழ. மூண்டு போத்தல் தூள். ஒரு கண்ணாடித் துண்டு சுவரில தொங்கின சுளகில ஏறி நிக்குது.

கணக்கு லேசு. லீற்றருக்கு 4 கிராம் சீனியை ஈஸ்ற் திண்டால், திரவத்தின்ர கன அளவுக்குச் சமனான அளவு காபனீரொட்சைட்டு வரும். பியர் தாங்கிறது அதைப் போல ரெண்டரை மடங்கு. 100 கிராமையும் திண்டால் 25 மடங்கு. அதைத் தாங்கிற போத்தல் கடையில இல்லை. ரின் எண்டால் அவ்வளவுக்குப் போகமுதலே அடி வீங்கிப் புரளும். இப்ப ஒரு பிளாஸ்ரிக் சோடாப் போத்தலிலயும் கொஞ்சம் அடைச்சுப் பக்கத்தில வைக்கிறன். அமத்திப் பாத்து அது கல்லாகினால் எல்லாம் பிரிஜ்ஜுக்கு.

பங்குனி 29

கள்ளை ஏன் ரின்னில அடைக்கேலாது எண்டு கேட்டிருக்கு. எதிர்பாத்த கேள்விதான், பருவமும் துவங்கிட்டுது.

இப்ப சொன்ன இஞ்சிப் பியர்க் கதைதான் கள்ளுக்கும். முட்டிக்குள்ள விழேக்கயே புளிக்கத் துவங்கிற சாமான். மரத்தில இருந்து இறக்கினாப்பிறகும் நிக்காது. போத்தலில வாற கள்ளைச் சூடேத்தி ஈஸ்ற்றைக் கொண்டுபோட்டுத்தான் அடைக்கினம். குடிச்சுப் பாத்தவைக்குத் தெரியும், அது கள்ளின்ர படம் மாதிரி. ஆள் அவர்தான், கதைக்கமாட்டார். ரின்னில அடைச்சாலும் அதே சூடேத்தல்தான். அதோட கள்ளு நேரம் போகப் போகப் புளிச்சு வினாகிரிப் பக்கம் போகும். அந்தப் புளிப்புக்குப் பூச்சில ஒரு கீறல் இருந்தால் காணும்.

கருப்பநீர் எண்டால் மற்றப் பக்கம். முட்டிக்குள்ள சுண்ணாம்பு தடவி நொதிக்கவிடாமல் பண்ணுறது. சுண்ணாம்பும் அலுமினியத்தைத் திண்ணும். புளிப்பும் கூடாது, சுண்ணாம்பும் கூடாது. அலுமினியத்துக்கு மாமியார் வாய்.

சித்தப்பாவோட போன சனிக்கிழமை தவறணைக்குப் போனன். அவர் தனிப்பனைக் கள்ளு எண்டு சொல்லி வைச்சு எடுப்பிச்சவர். ஒரே மரத்துக் கள்ளு, வேறை ஒண்டும் கலக்காதது. ரொறன்ரோவில ஒரே தோட்டத்து ஹொப்ஸ் எண்டு லேபலில பெரிசா அடிச்சு ரெண்டு டொலர் கூட விப்பம். இஞ்ச சீவிறவர், "அந்த வடக்கு வேலி மரம்" எண்டு தாடையால காட்டிப்போட்டுப் போறார். பிளாவில (பனையோலைக் கோப்பையில) ஊத்திக் குடிச்சம். ஓலையின்ர பச்சை வாசம், கள்ளின்ர இனிப்பு, பிறகு அந்தப் புளிப்பு. அடைக்கிறதே இல்லாமல், மரத்தில இருந்து வாய்க்கு நாலு மணித்தியாலம். என்ர மைக்ரோமீற்றரை நினைச்சுக்கொண்டன்.

"கிளாசில ஊத்திக் குடியுங்கோ" எண்டு முதல் நாள் நான் எழுதினதுக்கும் ஒரு மறுப்பு இருக்கு, நேர்மைக்காகச் சொல்லிறன். வெர்மொண்டில அல்கெமிஸ்ற் எண்ட ஆலையின்ர ஹெடி ரொப்பர் எண்ட பியர் ரின்னிலயே, ரின்னோட குடியுங்கோ எண்டு அச்சடிச்சிருக்கு. வாசம் பறந்துபோகக் கூடாது எண்டு அவையின்ர நியாயம். பிளாவில குடிச்சவனா நான் அதுக்கு உடன்படமாட்டன். மூக்கு உள்ளுக்குப் போகவேணும்.

சித்திரை 3

ரின்தான் சூழலுக்கு நல்லது எண்டு ஒருத்தர் எனக்கு ஆதரவா எழுதியிருக்கிறார். நன்றி, ஆனால் நான் இப்ப அந்தப் பக்கம் இல்லை.

பழைய ரின்னை உருக்கிப் புது ரின் செய்தால், மண்ணில இருந்து அலுமினியம் எடுக்கிற சக்தியில 95 வீதம் மிச்சம். அது உண்மை. எங்கட ஆலைச் சுவரிலயும் பெரிசா எழுதி வைச்சிருந்தினம். உருக்கினால் எண்டதுதான் கதை. ஒன்ராறியோவில ஒரு ரின்னுக்கு 10 சதம் வைப்புக்காசு. திருப்பிக் குடுத்தால் கையில தருவினம். அதால ரின் திரும்பி வரும். அதே 10 சதத்துக்கு 341 மில்லிலீற்றர் மண்ணிறப் போத்தலும் திரும்பி வரும். கனடாவில ஆலையள் எல்லாம் ஒரே அச்சுப் போத்தலைப் பாவிச்ச காலத்தில, எவற்ற போத்தல் எவருக்குப் போனாலும் கழுவித் திரும்ப நிரப்புவினம், பத்துத் தரத்துக்கு மேல. அந்தப் போத்தலோட ரின் போட்டி போடேலாது. நாங்கள் அதை விட்டிட்டு ரின்னுக்குப் போனனாங்கள். இடுப்புக்கு நல்லது எண்டு நான் கைதட்டினன்.

இஞ்ச போத்தலுக்கு எப்பவும் மதிப்பு. சைக்கிளில சாக்குக் கட்டிக்கொண்டு பழைய இரும்பு, போத்தல் எண்டு கூப்பிட்டுக்கொண்டு வாறவர் போன கிழமையும் வந்தவர். அம்மா ஒரு போத்தலையும் எறியமாட்டா. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை, கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள்ள துளி எண்ணெயும் பஞ்சும் திரியும் வைச்சு விளக்கெரிச்ச காலம். அந்த வெளிச்சத்திலதான் நான் ஓ.எல். படிச்சது. ஒரு ஜாம் போத்தல் உடைஞ்சால் வீட்டில செத்தவீடு. அந்த அம்மாவுக்கு முன்னால நான் குடிச்ச ரின்னை நசுக்கிக் குப்பையில போட, அவ ஒண்டும் சொல்லேல்லை, எடுத்துக் கழுவி அலுமாரிக்கு மேல வைச்சா.

ஆனபடியால், கேள்வி கேட்டவருக்கு: இரும்பு மணத்தில நீங்கள் பிழை. போத்தலில நீங்கள் முழுக்கப் பிழை இல்லை. மரியாதைக்காக இல்லை, திரும்பி வாறதுக்காக.

சித்திரை 4

உள் பூச்சில விசம் இருக்காம் எண்டு ரெண்டு பேர். பிஸ்பெனோல் ஏ எண்ட சாமானில இருந்து செய்த பூச்சுத்தான் கனகாலம் அடிச்சவை. இப்ப அது இல்லாத பூச்சுக்கு மாறிக்கொண்டு போகினம். 2024 கடைசியில ஐரோப்பிய ஒன்றியம் சாப்பாட்டுச் சாமான் முட்டிற இடங்களில அதைத் தடை செய்தது, மாறிறதுக்குத் தவணையும் குடுத்திருக்கு. ரின்மீனையும் ரின்பாலையும் இவ்வளவு காலம் சாப்பிட்டிட்டு, பியருக்கு மட்டும் பயப்பிடுறதுதான் எனக்கு விளங்கேல்லை.

சித்திரை 19

வருசப்பிறப்போட இந்தப் பக்கம் வரக் கிடைக்கேல்லை.

அலுமாரிக்கு மேல இருந்த ரின் எல்லாம் போயிட்டுது. நீர்வேலிப் பக்கம் சித்தப்பாவின்ர சிநேகிதர் ஒருத்தரின்ர முந்திரிகைப் பந்தலில கிளியும் மைனாவும் வந்து குலையைக் கொத்துதாம். ரின்னுக்குள்ள ரெண்டு சின்னக் கல்லைப் போட்டு நூலில கட்டித் தொங்கவிட்டிருக்கினம். காத்தடிக்கக் கிலுகிலுக்கும். போய்ப் பாத்தன். நான் அடைச்ச ஆறு ரின்னும் அங்க ஒரே வரிசையில ஆடுது, லேபலில பாதி வெய்யிலில வெளிறிட்டுது. பொருத்துகளைத் தடவிப் பாத்தன். எல்லாம் நல்ல பொருத்து. ஒரு மைனா மூண்டாவது ரின்னுக்கு மேல வந்து இருந்துது.

இஞ்சிப் பியர் புதுசா 20 போத்தல், சீனி குறைச்சு. சித்தப்பா நல்லெண்டு குடிச்சுப்போட்டு, வவுனியாவில இருக்கிற மகளுக்கு நாலு அனுப்பவேணும், பஸ்ஸில போத்தல் உடையும், ரின்னில அடைக்கேலாதோ எண்டு கேக்கிறார். பழைய சாறத்தைக் கிழிச்சுச் சுத்தி, ஐஸ் கட்டியோட றெஜிபோம் பெட்டிக்குள்ள வைச்சுக் குடுத்தன். வெறும் போத்தல் நாலும் திரும்பி வரவேணும் எண்டு சொல்லியிருக்கு.